நகர நியாயசபையில் பொறுப்பேற்கும் மகளுக்கு

வெள்ளவத்தை, கொழும்பு

அன்புள்ள மகளுக்கு,

நியூயோர்க் நகரத்தின் நிருவாக நியாயசபையில் விசாரணைகளை மேற்பார்வை செய்யும் உயர் பதவிக்கு நீ தெரிவானதில் எனக்கும் அப்பாவுக்கும் உண்டான மகிழ்ச்சியைத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டோம். ஆனால் புதுக்கடை நீதிமன்றங்களில் உரைபெயர்ப்பாளராகவே சேவைக்காலத்தைக் கழித்த எனக்கு, இப்பதவியைப் பற்றி உன்னிடம் சொல்லவேண்டியவை சில இருக்கின்றன. அவை தொலைபேசியில் சொல்லி முடிபவை அல்ல.

1979 இல் தொடங்கப்பட்ட உன் நியாயசபைக்கு நகரத்தின் பல திணைக்களங்கள் எழுதும் அழைப்பாணைகள் வருகின்றன. வாசலில் குப்பை போட்டவர், அனுமதியின்றிக் கட்டியவர், உணவகத்தைச் சுத்தமாக வைத்திருக்காதவர், உரிமமின்றி நடைபாதையில் வியாபாரம் செய்தவர் ஆகியோரோடு, 2017 முதல், முன்பு குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போன சிறு குற்றங்கள் பலவற்றைச் செய்தவர்களும் அங்கே வருகிறார்கள். அழைப்பாணையை எழுதுவது நகரம், விசாரிப்பது நகரம், தண்டப்பணமும் நகரத்துக்கே போகிறது. ஆகவே வந்து நிற்பவர் முதலிலேயே நம்பிக்கையில்லாமல்தான் நிற்பார், அதை நாம் குறையாகக் கொள்ள முடியாது. ஒஹாயோ மாநிலத்தின் மொன்றோவில் என்ற ஊரில் மேயரே நீதிபதியாக அமர்ந்து தண்டம் விதித்து வந்தார். அந்தத் தண்டப்பணம் ஊரின் வருமானத்தில் பெரும் பகுதியாக இருந்தபடியால், அவரை நடுநிலையானவராகக் கொள்ள முடியாது என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1972 இல் தீர்த்தது. உங்கள் அலுவலகத்தில் அப்படி வெளிப்படையான நிலை இல்லை. ஆயினும் மேற்பார்வையாளரின் மேசைக்கு வரும் கணக்குகள் வழியாக அதே பழுது நுழையக்கூடும் என்றே நான் அஞ்சுகிறேன். ஒரு விசாரணை அலுவலர் ஒரு நாளில் எத்தனை வழக்குகளை முடித்தார் என்பது உனக்குத் தெரியத்தான் வேண்டும். எத்தனை அழைப்பாணைகளைத் தள்ளுபடி செய்தார் என்பதைக் கொண்டு அவருடைய திறமையை ஒருபோதும் அளக்காதே. நீ வாய் திறந்து ஒன்றும் சொல்லாவிட்டாலும், அப்படி ஒரு கணக்கு பார்க்கப்படுகிறது என்று தெரிந்த அன்றே அவர்களின் தீர்மானங்கள் மாறத் தொடங்கிவிடும்.

விசாரணை என்பது வெறும் சடங்கு அல்ல என்பதை நம் நாட்டு வழக்கு ஒன்றே உலகத்துக்குக் காட்டியது. 1966 இல் உள்ளூராட்சி அமைச்சர் யாழ்ப்பாண மாநகர சபையைத் திறமையற்றது என்று கூறிக் கலைத்தார். அதற்கு முன் சபையின் பக்கத்தை அவர் கேட்கவில்லை. மேயர் தொடுத்த வழக்கு, அந்நாளில் நம் நாட்டின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. கலைப்பதற்கு முன் சபைக்குப் பதிலளிக்க வாய்ப்பளித்திருக்க வேண்டும் என்று தீர்ப்பில் சொன்னார்கள். ஆனால் முறையிடவேண்டியது சபையே, மேயர் தனித்து முறையிட முடியாது என்று சொல்லி அதே தீர்ப்பில் மேன்முறையீட்டைத் தள்ளியும் விட்டார்கள். துரையப்பா எதிர் பெர்னாண்டோ என்ற அவ்வழக்கைச் சட்ட மாணவர்கள் முதற்பாதிக்காகவே படிக்கிறார்கள். நீ பிற்பாதியையும் மனதில் வைத்துக்கொள். நியாயம் தன் பக்கம் இருந்தும், வாசலைக் கடக்கும் முறை தவறியதால் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் உன் அலுவலகத்திலும் இருப்பார்கள்.

அவர்களில் பெரும்பாலோர் உன் கண்ணில் படவே மாட்டார்கள். குறித்த நாளில் விசாரணைக்கு வராதவர் குற்றம் செய்தவராகவே தீர்க்கப்படுகிறார், தண்டமும் கூடலாம். 75 நாட்களுக்குள் புதிய விசாரணை கேட்கலாம் என்ற விதி நல்லதுதான், ஆனால் கடிதம் பழைய முகவரிக்குப் போயிருந்தால் அந்த விதி இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு தனி வழக்கின் தீர்மானத்தில் நீ கைவைக்கக் கூடாது, அது விசாரணை அலுவலருக்கே உரியது. அறிவித்தல் எப்படி எழுதப்படுகிறது, எந்த மொழியில் போகிறது, எந்த வகை வழக்குகளில் ஆட்கள் வராமல் விடுகிறார்கள் என்பவை முழுக்க உன் பொறுப்பு. நான் உன் இடத்தில் இருந்தால், வந்தவர்களின் கோப்புகளுக்கு முன் வராதவர்களின் கோப்புகளையே எடுத்துப் படிப்பேன்.

இனி என் தொழில். உங்கள் விசாரணைகள் பெரும்பாலும் தொலைபேசியில் நடக்கின்றன என்றும், உரைபெயர்ப்பு இலவசம் என்றும் சொன்னாய். முகம் தெரியாத உரைபெயர்ப்பு மிகக் கடினமானது. சாட்சி நான்கு வசனம் பேச, உரைபெயர்ப்பாளர் அதை ஒரே வசனத்தில் முடித்துவிட, விசாரிப்பவர் தலையசைத்து மேலே போவதை நான் நேரிலேயே பலமுறை கண்டு மனம் நொந்திருக்கிறேன். தொலைபேசியில் அதைக் கண்டுபிடிக்க ஆளே இல்லை. சாட்சியை ஒவ்வொரு வசனமாக நிறுத்திப் பேசவிடும்படி உன் அலுவலர்களைப் பழக்கு. அதற்கு நேரம் கூடுதலாகும், அந்த நேரத்தை அவர்களின் கணக்கில் குறையாக எழுதாதே. விசாரணைகள் ஒலிப்பதிவாவதால், அவ்வப்போது சில பதிவுகளை அதே மொழி தெரிந்த இன்னொருவரைக் கொண்டு கேட்பித்து, சொன்னதும் பெயர்த்ததும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கச் செய். அதிகச் செலவில்லாத இந்த வேலையை எங்கள் காலத்தில் எவரும் செய்யவில்லை.

மேன்முறையீட்டுக்கு முன் தண்டப்பணத்தைக் கட்டவேண்டும், வசதியற்றவர் விலக்குக் கேட்கலாம் என்ற ஏற்பாட்டைப் பற்றியும் கேட்க விரும்புகிறேன். அந்த விலக்கைப் பற்றி விசாரணையின் முடிவிலேயே வாய்மொழியாகச் சொல்கிறார்களா, இல்லை, தாளின் அடியில் சிறிய எழுத்தில் மட்டும் இருக்கிறதா? உங்களிடம் தமிழுக்கு உரைபெயர்ப்பவர்கள் இலங்கைத் தமிழர்களா, இந்தியத் தமிழர்களா என்பதையும் அறிந்து எழுது. நம் ஊர்ப் பேச்சுவழக்கு தெரியாதவரென்றால், சொற்பட்டியல் ஒன்று தயாரித்து அனுப்ப எனக்கு இப்போது நிறைய நேரமிருக்கிறது.

அன்புடன்,
அம்மா