டேலியாக் கிழங்கைக் காக்க வேண்டியது கோடையில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தோட்டப் பக்கத்தில் டேலியா வளர்ப்புக் குறித்து வெளிவந்த குறிப்பைப் படித்தேன். தொட்டி மண் கலவை, முட்டுக்குச்சி நடுதல், பக்க மொட்டுகளைக் கிள்ளுதல் ஆகியவை பற்றி அதில் சொல்லப்பட்டவை சரியே. ஆனால், முதல் உறைபனி விழுந்து இலைகள் கருகியதும் கிழங்குகளைத் தோண்டியெடுத்து, குளிர்காலம் முழுவதும் பாதுகாத்து, வசந்தத்தில் மீண்டும் நட வேண்டும் என்று அந்தக் குறிப்பு முடிந்திருப்பது, கோவையிலோ மதுரையிலோ சென்னையிலோ வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவரை நேர் எதிர்த் திசையில் அனுப்பிவிடும். இந்த ஊர்களில் உறைபனி விழுவதில்லை. டேலியா இங்கு பூப்பதே குளிர்காலத்தில்தான். கிழங்கைக் காப்பாற்ற வேண்டிய காலம் பங்குனியில் தொடங்கி ஆவணி வரை நீள்கிறது. பனிக்குச் சொன்ன முறையை வெயிலுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதால்தான் இந்தக் கடிதத்தைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

டேலியா மெக்சிகோவின் மலைநாட்டுச் செடி. 1789-இல் மெக்சிகோ நகரத் தாவரவியல் தோட்டத்திலிருந்து ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் அரச தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. 1791-இல் கவனியேஸ் என்ற ஸ்பானியத் தாவரவியலாளர், ஸ்வீடனைச் சேர்ந்த ஆந்தர்ஸ் டால் என்பவரின் நினைவாக அதற்குப் பெயரிட்டார். 1963 முதல் அது மெக்சிகோவின் தேசிய மலர். பிறந்த மண்ணில் அது கடல் மட்டத்துக்கு 1500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், பகல் இதமாகவும் இரவு குளிர்ந்தும் இருக்கும் சரிவுகளில் வளர்கிறது. அங்கே மழைக்காலம் ஏறத்தாழ ஜூன் முதல் அக்டோபர் வரை. அந்த ஈரத்தில் தழைத்துப் பூத்துவிட்டு, மழை ஓய்ந்ததும் தண்டு காய்ந்து, அடுத்த மழை வரை செடி மண்ணுக்கடியில் உறங்குகிறது. அதாவது, அதன் கிழங்கு பனியைத் தாங்க உண்டானதன்று. தண்ணீர் இல்லாத மாதங்களைக் கடக்க உண்டானது. ஐரோப்பியர்கள் அதைத் தோண்டியெடுப்பதற்குக் காரணம், அவர்கள் ஊர் மண் உறைந்து கிழங்கும் உடன் உறைந்து கூழாகிவிடும் என்பதே. நம்மிடம் வறட்சிக்குப் பஞ்சமில்லை. ஆனால் மெக்சிகோவின் வறண்ட மாதங்கள் குளிர்ந்தவை, நம்முடையவை கொதிப்பவை. சிக்கல் அந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

தங்கள் குறிப்பு முற்றிலும் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிறது; 2200 மீட்டருக்கு மேலுள்ள அந்த ஊரிலும் அதை ஒத்த உயரங்களிலும் தோட்டம் வைத்திருப்பவர்கள் அதைப் பெரும்பாலும் அப்படியே பின்பற்றலாம். மே மாதத்தில் மலர்க் காட்சி பார்க்கப் போகும் நம்மவர்கள் அங்கே கோடையில் செழித்து நிற்கும் டேலியாவைக் கண்டு, ஊர் திரும்பியதும் அதே மாதத்தில் கிழங்கு வாங்கிச் சமவெளியில் நட்டுவிடுகிறார்கள். பகல் வெப்பம் 35 பாகை செல்சியஸைத் தாண்டும் இடத்தில் அந்தக் கிழங்கு முளைத்தாலும் தண்டு மெலிந்து, இலை ஓரம் தீய்ந்து, மொட்டு விரியாமலே உதிரும். மலைக்கும் சமவெளிக்கும் நாட்காட்டியே வேறு.

சமவெளியின் நாட்காட்டி, என் அனுபவத்தில், பதியனிலிருந்து தொடங்குகிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் கிழங்கு விட்ட துளிர்களைச் சுமார் மூன்று அங்குல நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, மணலும் தென்னை நார்க் கழிவும் கலந்த கலவையில் ஊன்றினால் இரண்டு மூன்று வாரங்களில் வேர் பிடிக்கும். துளிர் இளசாக, உள்ளே திடமாக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். முற்றினால் தண்டின் நடுவில் குழல் விழுந்துவிடும், பிறகு வேர் விடுவது அரிது. கோவைப் பகுதியில் அக்டோபரில் தொட்டிக்கு மாற்றி, மார்கழி முதல் மாசி வரை பூப்பார்க்கலாம். சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் வடகிழக்குப் பருவமழையை மனத்தில் வைத்தே எதையும் செய்ய வேண்டும். ஐப்பசி அடைமழையில் தரையில் நட்ட டேலியா வேரழுகிச் சாவது ஏறக்குறைய உறுதி. அங்கே வேர்விட்ட பதியன்களைச் சிறு தொட்டிகளில், மழை படாத வெளிச்சத்தில் வைத்திருந்து, கார்த்திகை பாதிக்கு மேல் பெரிய தொட்டிக்கு மாற்றினால் தை கடைசியில் பூக்கத் தொடங்கும்.

படத்தில் தெரிவதுபோல நம் தொட்டியில் ஏன் பூக்கவில்லை என்று கேட்பவர்களுக்குப் பகற்பொழுதின் நீளத்தையும் ஒரு காரணமாகச் சொல்ல வேண்டும். டேலியா, பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் குறையும்போது, கிழங்கு வைப்பதில் முனைப்புக் காட்டும் செடி. இங்கிலாந்தில் அது வளரும் கோடைநாள்கள் பதினாறு மணி நேரம் வரை நீள்பவை. நம் டிசம்பர்ப் பகலோ சுமார் பதினொன்றரை மணி நேரந்தான். எனவே செடி உயரம் போடுவதற்கு முன்பே கிழங்கில் சத்தைச் சேர்க்கத் தொடங்கிவிடுகிறது, பூவின் இதழடுக்குக் குறைந்து நடுவில் மஞ்சள் கண் தெரிகிறது. நட்ட முதல் சில வாரங்களுக்கு மாலை இருட்டியதும் இரண்டு மூன்று மணி நேரம் செடிக்கு மேலே ஒரு சாதாரண எல்இடி விளக்கை எரியவிட்டால் வேறுபாடு கண்கூடாகத் தெரியும். கொய்மலர்ச் சாமந்தி வளர்ப்பவர்கள் இரவில் விளக்கெரிக்கும் வித்தையும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். நன்மையும் இதில் ஒன்று உண்டு: குறும்பகல் நமக்குக் கிழங்கை எளிதாகவே தந்துவிடுகிறது. அதை வைத்துக் காப்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

பூ முடிந்த செடியை என்ன செய்வது என்று நாற்றங்கால்காரரைக் கேட்டால், "சார், இது சீசன் செடிதான் சார், பூ முடிஞ்சா தூக்கிப் போட்டுடுங்க, அடுத்த வருஷம் புதுசு வாங்கிக்கலாம்" என்கிறார். அவர் வியாபாரத்துக்கு அது பொருந்தும். பிடித்த ஒரு நிறத்தை, ஒரு ரகத்தைக் கைவிட மனமில்லாதவர் மாசிக் கடைசியிலிருந்தே ஆயத்தமாக வேண்டும். அதுவரை ஊற்றிவந்த கடலைப் புண்ணாக்குக் கரைசலை நிறுத்திவிட வேண்டும். தழைச்சத்து மிகுந்த கிழங்கு பெருத்து, நீர் கோத்து, வைத்த இடத்தில் அழுகும். பதிலாகச் சிறிது பொட்டாஷ் இடுவது கிழங்கை முற்றவைக்கும். தண்ணீரை ஒரேயடியாக நிறுத்தாமல், நாள் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், இலைகள் தாமாகப் பழுக்கும் வரை காத்திருக்க வேண்டும். பச்சையாக நிற்கும் செடியை அவசரத்தில் வெட்டினால் கிழங்கின் தோல் முற்றியிராது, சேமிப்பில் சுருங்கிவிடும்.

பழுத்த தண்டைத் தரையிலிருந்து நான்கைந்து அங்குலம் விட்டு வெட்டுங்கள். வெட்டிய இடத்தை மேலிருந்து பார்த்தால், தண்டு முழுவதும் குழலாக இருப்பது தெரியும். அந்தக் குழலுக்குள் கோடை மழையோ குழாய்த் தண்ணீரோ இறங்கினால் நேரே கிழங்குகள் கூடும் கழுத்துப் பகுதியில் போய்த் தேங்கும். அடுத்த ஆண்டு முளைக்க வேண்டிய கண்கள் அத்தனையும் இருப்பது அந்தக் கழுத்தில்தான். ஆகவே, தோண்டியெடுத்த கொத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, நிழலில் மூன்று நான்கு நாள் உலரவிடுவது தவிர்க்க முடியாத வேலை. மண்ணை விரலால் உதிர்த்தால் போதும், தேய்த்துக் கழுவித் தோலை உரித்துவிடக் கூடாது. காயம்பட்ட இடங்களில் விறகுச் சாம்பலோ கந்தகத் தூளோ தடவலாம்.

இனி, எங்கே வைப்பது என்பது. குளிர்நாட்டு நூல்கள் 4 முதல் 10 பாகை வரை குளிர்ந்த, இருண்ட நிலவறையைச் சொல்கின்றன. சித்திரையில் கோவை வீட்டின் எந்த அறையிலும் அது நடவாது. நாம் செய்யக்கூடியது, வெப்பத்தைக் குறைப்பதும், கிழங்கு தன் ஈரத்தை இழக்கும் வேகத்தைக் குறைப்பதும் மட்டுமே. வடக்குப் பார்த்த அறையில், தரையோடு ஒட்டி, வாயகன்ற மண்பானையில் உலர்ந்த ஆற்று மணலையோ தென்னை நார்க் கழிவையோ பரப்பி, கிழங்குகள் ஒன்றையொன்று தொடாதபடி அடுக்கி, மேலும் அதையே நிரப்பி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி வேண்டாம்; அதில் வியர்த்து அழுகும். மாதம் ஒருமுறை கையைவிட்டு எடுத்துப் பார்ப்பது அவசியம். தோல் லேசாகச் சுருங்கியிருந்தால் மணலின் மேல் கைப்பிடி நீர் தெளித்தால் போதும். நுனி பழுப்பாகி, அழுத்தினால் நீர் கசிந்து, புளித்த வாடை வந்தால் அந்தக் கிழங்கை அறுத்தெறிந்துவிட்டு மற்றவற்றை வேறு மணலுக்கு மாற்ற வேண்டும். கையிலெடுக்கும்போது எடையே இல்லாமல் சக்கையாக இருப்பது இனிப் பிழைக்காது. குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில், துளையிட்ட பையில் நார்க் கழிவோடு வைப்பவர்களும் உண்டு. சிலருக்கு நன்றாகவே வருகிறது, ஆனால் ஆப்பிள், வாழைப்பழம் போன்றவற்றின் பக்கத்தில் வைக்கக் கூடாது, அவை வெளிவிடும் எத்திலீன் வாயு கண்களைக் கெடுக்கும்.

இவற்றையெல்லாம்விட எனக்கு நம்பிக்கையான வழி, கிழங்கைத் தோண்டாமலே விடுவது. ஆறு அல்லது எட்டு அங்குலத் தொட்டியில் பதியனாக வளர்ந்த செடியின் கிழங்கு சிறிதாக, நெருக்கமாக, கெட்டித் தோலோடு இருக்கும். பெரிய கொத்தைப் போலப் பிளந்து காயப்படுவதில்லை. தண்டை வெட்டிய அந்தத் தொட்டியை அப்படியே மழை படாத நிழலில் ஒருபக்கமாகச் சாய்த்து வைத்துவிடலாம். மண் தூளாகிப் போகாத அளவுக்கு எப்போதாவது ஓரத்தில் கொஞ்சம் நீர், அவ்வளவே. அதற்காகவே நான் ஒவ்வொரு ரகத்திலும் ஒரு செடியைப் பூவுக்காக அல்லாமல் கிழங்குக்காகச் சிறு தொட்டியில் வளர்க்கிறேன். கோத்தகிரியிலோ குன்னூரிலோ உறவினர் இருப்பவர்கள் தொட்டியை அங்கே அனுப்பிவைக்கலாம். கோடைக்கு மலையேறுவது மனிதர்களின் தனியுரிமை அல்லவே.

ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்றின் சாரலும் குளிர்ச்சியும் கோவையை எட்டும்போது, பானைக்குள்ளிருக்கும் கிழங்குகள் யாரும் கேட்காமலே முளைவிடத் தொடங்கும். அதைக் கண்டு பதறி முளையை ஒடிக்க வேண்டாம். கொத்தை எடுத்து, கழுத்துப் பகுதி மண்ணுக்கு மேலே தெரியும்படி அகன்ற தட்டில் வைத்து, வெளிச்சம் காட்டினால் பதியனுக்கான துளிர்கள் அதிலிருந்தே கிடைக்கும். இலைகளில் வெளிர்மஞ்சள் நரம்போட்டமும் நெளிவும் தெரியும் செடியிலிருந்து மட்டும் பதியன் எடுக்கவே கூடாது. அது அசுவினிப் பூச்சி பரப்பும் தேமல் நோய், கிழங்கு வழியாகவும் பதியன் வழியாகவும் தொடரும், மருந்தும் கிடையாது.

கிழங்கு விற்பனை குறித்தும் தங்கள் பக்கம் வாசகர்களை எச்சரிக்க வேண்டும். இணையத்தில் கோடை தொடங்கியதும் டேலியாக் கிழங்குகள் தனித்தனி விரல்களாக ஒடித்து விற்கப்படுகின்றன. உருளைக்கிழங்குக்குக் கண்கள் உடம்பெங்கும் இருக்கும். டேலியாவுக்குக் கழுத்தில் மட்டும். கழுத்துத் துண்டு ஒட்டியிராத கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது, மண்ணில் வேர் மட்டும் விட்டு மாதக்கணக்கில் ஏமாற்றும். பொட்டலத்தின் மேல் அச்சிட்ட ஆழ்ந்த நீலப் பூவோ, கணினியில் தீட்டியது. தோட்டத்துக்கென விற்கப்படும் டேலியாக்களில் நீலம் கிடையாது. விதைப் பொட்டலம் வாங்குவோரும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். டேலியாவின் மரபணுத் தொகுதி எட்டு மடங்கானது, அதாவது ஒவ்வொரு செல்லிலும் அது எட்டுப் பிரதிகளாக இருக்கும், ஆகையால் ஒரே பூவின் விதைகளிலிருந்து ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிறங்களும் வடிவங்களும் வரும். கலவையாக இருந்தாலும் சரி என்பவருக்கு விதை மலிவானது. ரகம் வேண்டுமென்றால் பதியனோ கிழங்கோதான்.

தோட்டக்கலைத் துறையின் பண்ணைகளுக்கும் தங்கள் வழியாக ஒரு வேண்டுகோள். ஜனவரியில் பூத்த தொட்டிகளாக விற்பதோடு நில்லாமல், வேர்விட்ட பதியன்களை ரகப் பெயர்ச் சீட்டுடன் செப்டம்பர், அக்டோபரில் சமவெளி மாவட்டங்களில் விற்கலாம். மலையில் தாய்ச்செடிகளைக் கோடையில் பசுமையாகவே வைத்திருக்க முடியும் என்பதால், நமக்குக் கடினமான பாதி வேலை அவர்களுக்கு எளிது. தங்கள் தோட்டப் பக்கத்திலும், மலை, மேட்டுநிலம், கடலோரம் எனப் பிரித்து மாதவாரியான குறிப்பொன்றை வெளியிட வேண்டுகிறேன். அது ஆகஸ்ட் முடிவதற்குள் அச்சேறினால், இந்த ஆண்டு துளிர் வெட்டுபவர்களுக்கே உதவும்.

இப்படிக்கு,
வாசகர்,
கோயம்புத்தூர்.