காசநோய்: தாமதம் நோயாளியுடையது மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் மார்ச் 24 காசநோய் நாளையொட்டி வரும் செய்திகளில், நோயாளிகள் அலட்சியமாக இருந்துவிட்டு நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்ற குறை தவறாமல் இடம்பெறுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று சுவரெங்கும் எழுதியிருந்தும் மக்கள் ஏன் தள்ளிப்போடுகிறார்கள் என்பதை, என் அண்ணனின் நோயை உடனிருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

அண்ணன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பீஸ் ரேட் வேலை, தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்குத்தான் எழுவார். இருமல் வந்தபோது பஞ்சுத் தூசி என்றார், நாங்களும் நம்பினோம். மெஷினுக்கு அடியில், வெட்டுத் துணிக் குவியலுக்குப் பக்கத்தில், இருமல் மருந்து பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கும்; மூடியில் ஊற்றிக் குடித்துவிட்டு மறுபடி தைக்கத் தொடங்குவார். சளி கொடுக்க ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள் என்று அலைந்தால் சனிக்கிழமை சம்பளத்தில் பெரிய துண்டு விழும். ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமையிலோ சளியைச் சோதிக்க ஆளில்லை.

ஆனால் இது பாதி உண்மைதான். சட்டை தொளதொளவென்று ஆன பிறகு அவர் மருத்துவரிடம் போகத்தான் செய்தார். போயும் நோய் தெரியவில்லை. இரவு ஒன்பது மணிக்கும் திறந்திருந்த ஒரு தனியார் கிளினிக்கில் ஊசி போட்டு, ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். இருமல் தணிந்து, பத்தே நாளில் காய்ச்சலோடு திரும்பியது. லீவோஃப்ளாக்சசின் போன்ற சில மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கி, குணமாவதுபோல் காட்டி, நோயைக் கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போட்டுவிடும் என்பதைப் பின்னால்தான் அறிந்தோம். இரண்டாவது மருத்துவர் மாத்திரையை மாற்றினார். மூன்றாமவர்தான் எக்ஸ்ரே எடுத்து, சளிப் பரிசோதனைக்கும் அனுப்பினார்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததன்று. இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, அறிகுறி தொடங்கி முதல் மருத்துவரைப் பார்க்க நோயாளி எடுத்துக்கொள்ளும் காலம் ஏறத்தாழ 18 நாள். அதற்குப் பிறகு நோய் கண்டறியப்பட ஆகும் காலமோ ஏறத்தாழ 31 நாள். அத்தனை நாளும் அவர் வீட்டிலும் வேலையிடத்திலும் இருமிக்கொண்டுதான் இருக்கிறார். நோயாளியைக் கடிந்துகொள்பவர்கள் இந்த இரண்டாவது கணக்கையும் பேச வேண்டும்.

அச்சம் இல்லை என்று நான் சொல்லவில்லை. டி.பி. என்று தெரிந்ததும் அண்ணி முதலில் கேட்டது, "பொண்ணு பார்க்க வர்றவங்களுக்குத் தெரிஞ்சிருமா?" என்பதுதான். அன்று மாலையே அண்ணன் தன் தட்டையும் தம்ளரையும் தானே பிரித்து வைத்துக்கொண்டார். இந்நோய் காற்றின் வழியாகப் பரவுவது. தட்டு தம்ளர் வழியாக அன்று. வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிடுபவர்களும் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் தங்கியவர்களைப் போலவே குணமடைகிறார்கள், அதனால் வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை என்பதை, 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம் 1959, 1960 ஆண்டுகளிலேயே உலகுக்கு எடுத்துக்காட்டியது. நம் ஊரில் கண்டறிந்த அந்த உண்மை நம் அடுக்களைகளுக்கு இன்னும் வந்துசேரவில்லை என்பது என்னை மிகவும் வருத்துகிறது.

ஆறு மாத மருந்து இலவசம். 2024 நவம்பர் முதல் ஊட்டச்சத்துக்கு மாதம் 1000 ரூபாயும் தருகிறார்கள். நன்றியோடு சொல்கிறேன், இந்த உதவியால்தான் அண்ணன் முழுமையாகக் குணமானார். ஆனால் இவையெல்லாம் நோய் உறுதியான பிறகு கிடைப்பவை. கூலி போவதோ அதற்கு முன்பே. எனவே தொழிலாளர் மிகுந்த பகுதிகளில் இரவு ஒன்பது மணி வரையும் ஞாயிற்றுக்கிழமையிலும் சளி மாதிரி பெற்றுக்கொள்ளவும், முடிவைக் கைபேசியிலேயே தெரிவிக்கவும் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். இரண்டாம் முறை இருமல் மருந்து கேட்டு வருபவரிடம் எத்தனை நாளாக இருமல் என்று மருந்துக் கடைக்காரர் கேட்கட்டும். ஆன்டிபயாடிக்கை மாற்றி எழுதும் முன் சளிப் பரிசோதனைக்கு ஒரு சீட்டு எழுதித் தருமாறு தனியார் மருத்துவர்களையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பூர்.