தனியே இருக்கப் பழகாத நாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீட்கப்பட்ட நாய்களைச் சிறைவாசிகள் பழக்கித் தத்துக்கு அனுப்பும் திட்டங்களைப் பற்றிய செய்திகளில் ‘உட்கார்’, ‘இரு’, ‘வா’ என்றதும் கீழ்ப்படியும் நாய்தான் படமாக வருகிறது. அதே நாய் தத்துப்போன ஒரே வாரத்தில் காப்பகத்துக்குத் திரும்புவதும் உண்டு. அது ஏன் என்பது செய்தியில் வருவதில்லை.

1981-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பெண்கள் சிறையில், பாலின் க்வின் என்ற பெண்ணின் முனைப்பில் தொடங்கிய முயற்சியே இவற்றுக்கெல்லாம் முன்னோடி. இன்றைய திட்டங்களில் பொதுவாக ஒரு நாய்க்கு இருவர் பொறுப்பு. 8 முதல் 12 வாரம் நாய் அவர்கள் அறையிலேயே கூண்டில் தூங்கும். நாளெல்லாம் நாயோடு இருக்க வெளியில் யாருக்கு நேரம்? சிறையின் பலம் அதுதான். வினையும் அங்கேயே இருக்கிறது. இருவரில் ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருப்பதால், தனிமை என்றால் என்னவென்றே நாய்க்குத் தெரியாமல் போகிறது. புது வீட்டில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பியதும் கதவைப் பிறாண்டும், ஊளையிடும், வாசலிலேயே சிறுநீர் கழிக்கும். அது சேட்டை அல்ல, பயம். அதட்டினால் கூடும்.

இரண்டாவது வாரத்திலேயே இதற்குப் பயிற்சி தொடங்க வேண்டும். உணவு அடைத்த ரப்பர் பொம்மையோடு கூண்டில் விட்டு, 30 விநாடி கண்ணில் படாமல் இருந்துவிட்டு, முனகல் தொடங்கும் முன் திரும்பி வர வேண்டும். பிறகு 1 நிமிடம், 3 நிமிடம், மறுபடி 1, அப்புறம் 5. நேரத்தை ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. முனகினால் பாதியாகக் குறைக்க வேண்டும். திரும்பி வரும்போது கொஞ்சல் வேண்டாம். ஆள் கணக்கெடுக்கும் வேளையில் பழக்குபவரும் அறைக்குள்தான் அடைபட்டிருப்பார் என்பதால், இருவரும் சாப்பிடப் போகும் நேரமே இதற்குத் தோது.

அடுத்த சிக்கல், சிறையில் இல்லாதவை: குழந்தைகள், சைக்கிள், அழைப்பு மணி, வழுக்கும் தரை. ஒரே நிறச் சீருடையையே பார்த்த நாய் தொப்பிக்காரரைக் கண்டு குரைப்பதில் வியப்பில்லை. குடையும் தொப்பியுமாக ஊழியர்கள் வந்துபோகலாம். குழந்தை அழும் ஒலிப்பதிவை மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டுக்கொண்டே தீனி கொடுக்கலாம். கடைசி வாரங்களில் தன்னார்வலர் வீட்டில் ஓரிரு இரவு தங்கவைப்பது எல்லாவற்றையும்விட மேல்.

புதிதாக வரும் நாயை 14 நாள் மற்ற நாய்களிடமிருந்து பிரித்து வைப்பதில் சமரசம் கூடாது. நாய்களுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் பார்வோ கிருமி உடலில் புகுந்து அறிகுறி தெரிய அவ்வளவு நாள்கூட ஆகலாம். கிருமியை ஒழிக்க, தரையைத் தேய்த்துக் கழுவிய பிறகே, 30 பங்கு தண்ணீரில் 1 பங்கு பிளீச்சிங் திரவம் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரமாக விட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் வீண்.

தத்துக் கொடுக்கும் நாளில் சான்றிதழைவிட ஓர் அட்டைதான் உதவும். ‘விடு’ என்றால் வாயில் இருப்பதைப் போடும், ‘வேண்டாம்’ என்றால் புரியாது. மழைச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போகும், இழுக்காதீர்கள்: பழக்கியவர் கையாலேயே இப்படி எழுதியிருக்க வேண்டும். அதில் ‘தனியே எத்தனை மணி நேரம் இருக்கும்’ என்றும் ஒரு வரி வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தால், தத்தெடுப்பவர்கள் தயங்காமல் கேட்கட்டும்.

இப்படிக்கு,
நாய்ப் பழக்குநர்கள் சிலர்