வால்வு ஆம்ப்ளிஃபயர் பாட ஆரம்பித்துவிட்டது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. மகள் வேலையில் சேர்ந்த செய்தியைப் படித்ததும் மனது நிறைந்துவிட்டது. தோள் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை, அடுத்த கடிதத்தில் முதல் வரியே அதுவாக இருக்கட்டும். டிரான்ஸிஸ்டருக்குப் பதில் வால்வு (கண்ணாடிக் குழாய்) போட்டு நான் செய்துகொண்டிருந்த ஆம்ப்ளிஃபயரை முடித்துவிட்டுப் பதில் எழுதலாம் என்றிருந்தேன். முடிந்துவிட்டது. நேற்று இரவு இரண்டு மணி வரை பாட்டு கேட்டேன்.

சர்க்யூட் நாம் பேசிக்கொண்டபடி எளிமையானதுதான். ஸ்டீரியோவில் ஒரு பக்கத்துக்கு, ஸ்பீக்கரை ஓட்டும் வால்வாக ஓர் இஎல்84. அதற்கு முன்னால், சிக்னலைப் பெருக்க ஒரே ஓர் இசிசி83 வால்வு; அதற்குள் இரண்டு ட்ரையோடு (பெருக்கும் பகுதி) இருப்பதால் பக்கத்துக்கு ஒன்று. இஎல்84-க்கு 250 வோல்ட்டில் 48 மில்லிஆம்பியர் என்றால் 12 வாட், அதன் பிளேட் (எலக்ட்ரான்கள் வந்து சேரும் தகடு) தாங்கும் எல்லையே அதுதான். நான் 44-இல் நிறுத்தியிருக்கிறேன். வால்வு நீண்ட நாள் உழைக்கட்டும். ஸ்பீக்கருக்குக் கிடைப்பது சுமார் 5 வாட். அது எந்த மூலைக்கு என்று கேட்டிருந்தாய். ஸ்பீக்கர் நல்ல உணர்திறன் உள்ளதாக இருந்தால் அறையில் உட்கார்ந்து கேட்க ஒரு வாட்டே தாராளம்.

பெட்டி தேக்கு. இழைத்து, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தடவி எடுத்தபோது ரேகைகள் எழுந்து வந்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும். ஆனால் முதல் பெட்டி வீணாகிவிட்டது. அடிப்பலகையை நான்கு பக்கமும் பசை போட்டுச் சட்டத்தோடு இறுக்கியிருந்தேன். சும்மா இருக்கும்போதே ஓர் இஎல்84, உள்ளே சூடேற்றும் கம்பியான ஹீட்டரையும் சேர்த்து, 16 வாட் போல வெப்பம் விடுகிறது. அந்தச் சூட்டில் பலகை காய்ந்து அகலவாக்கில் சுருங்கப் பார்த்தது. பசை விடவில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் நடுவில் நீளமாக ஒரு விரிசல். மரம் ரேகையின் குறுக்கேதான் விரிந்து சுருங்கும், நீளவாக்கில் அசைவதே இல்லை எனலாம். இது தெரிந்தும் அவசரப்பட்டுவிட்டேன். இரண்டாவது பெட்டியில் அடிப்பலகைக்குப் பசையே கிடையாது, நீள்துளையில் திருகுதான். மேலே 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. வால்வுகள் அதில் நிற்கின்றன, மரம் அவற்றை நெருங்காது. வால்வைச் சுற்றியும் அடியிலும் காற்றுக்குத் துளைகள். மரம் எந்த மின் இரைச்சலையும் தடுக்காது என்பதால் வயரிங் எல்லாம் உலோகச் சேஸிஸுக்குள் (கூட்டுக்குள்) போய்விட்டது. சேஸிஸுக்குக் கட்டாயம் எர்த்.

உண்மையில் பாட்டு வந்தது இரண்டாவது நாளே. அமைதி வரத்தான் ஒரு மாதம் ஆயிற்று.

முதலில் ஒரே ஊளை! வெளிவரும் சிக்னலில் கொஞ்சத்தை எதிராகத் திருப்பி உள்ளே அனுப்பும் நெகட்டிவ் ஃபீட்பேக் வயரை இணைத்ததும் ஸ்பீக்கர் அலறியது. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முனைகள் மாறியிருந்ததால் அது பாசிட்டிவ் ஃபீட்பேக் ஆகியிருந்தது. அதன் ப்ரைமரி (வால்வுப் பக்க) வயர் இரண்டையும் மாற்றிப் போட்டதும் அடங்கிவிட்டது. அப்புறம் மிஞ்சியது அந்த 'ம்ம்ம்'. பாட்டு ஓடும்போது தெரியாது. இரண்டு பாட்டுக்கு நடுவே தெரியும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஏசியை டிசியாக்கும் முழு அலை ரெக்டிஃபயர் என்றால் சப்ளையிலிருந்து வரும் ஹம் (இந்த 'ம்ம்ம்') 100 ஹெர்ட்ஸ். எனக்குக் கேட்டது அதைவிடத் தாழ்ந்தது, 50. இசிசி83-ஐக் கழற்றிப் பார்த்தேன். சத்தம் நின்றது. ஆக, கோளாறு அந்த வால்வில் அல்லது அதற்கு முன்னால்.

ஹீட்டர் வயர்களை, சிக்னல் வால்வுக்குள் நுழையும் கிரிட் வயருக்குப் பக்கத்திலேயே நேராக ஓட்டியிருந்தேன். பிரித்து, இரண்டையும் இறுக்கமாக முறுக்கி, சேஸிஸின் மூலையோடு மூலையாகக் கொண்டுபோய், இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர்களை நடுவில் கிரவுண்டுக்குக் கொடுத்தேன். பாதி போயிற்று. மீதிப் பாதி இன்புட் சாக்கெட்டில் இருந்தது: அதன் வெளிவளையம் தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்க, கிரவுண்டு இரண்டு வழியாக ஓடி ஒரு வளையமே ஆகியிருந்தது. சாக்கெட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் வாஷர் போட்டேன். இப்போது காதை ஸ்பீக்கரில் ஒட்டினால்தான் ஏதோ கேட்கிறது.

டிரான்ஸ்ஃபார்மர்களை வைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. துளை போடும் முன்பு பவர் டிரான்ஸ்ஃபார்மரின் ப்ரைமரிக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, மற்ற முனைகளை இன்சுலேஷன் டேப்பால் மூடிவிட்டு, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, அதை மேஜை மேல் மெல்லத் திருப்பினேன். ஓர் இடத்தில் ஹம் அடியோடு மறைகிறது. அந்த இடத்தைப் பென்சிலால் குறித்தேன்.

டிரான்ஸிஸ்டர் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று உன் தம்பி கேட்டதாக எழுதியிருந்தாய். அளந்து பார்த்தால் டிரான்ஸிஸ்டர்தான் சுத்தம், நான் மறுக்கவில்லை. இதில் சேரும் சிதைவு பெரும்பாலும் இரண்டாம் ஹார்மோனிக், அதாவது அதே ஸ்வரத்தின் மேல் ஸ்தாயி. அது என் காதுக்கு இதமாக இருக்கிறது. வால்வுக்குள் கேத்தோடு (எலக்ட்ரானை உமிழும் பகுதி) சிவக்க அரை நிமிடம் காத்திருந்து கேட்பதும் பிடித்திருக்கிறது. விடுதி அறையில் பழைய ரேடியோ முன்னால் நாம் காத்திருந்தோமே, அதே போல.

நீயும் இறங்குவதானால் ஒன்று கேள். முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது வரிசையில் ஒரு குண்டு பல்பைப் போட்டுக்கொள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், டிரான்ஸ்ஃபார்மர் பிழைக்கும். மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டரின் இரு முனைக்கும் குறுக்கே 220 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும். வால்வைக் கழற்றிய நேரத்தில் 300 வோல்ட்டைக் குடிக்க வேறு ஆளில்லை. அணைத்த பிறகும் மீட்டரில் பார்க்காமல் உள்ளே கை விடாதே. ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டவும் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

சரி, உன் பரணில் அந்தப் பழைய ரேடியோ இன்னும் கிடக்கிறதா? தூக்கிப் போடாதே. அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, ஸ்பீக்கர் பக்கம் 6.3 வோல்ட் ஏசி கொடுத்து மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று அளந்து எழுது. 157 வோல்ட் வாக்கில் வந்தால் விகிதம் 25. 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் வால்வுக்கு அது 5,000 ஓம் போலத் தெரியும், இஎல்84-க்கு ஏற்றது. மீட்டர் முனைகளை முதலில் மாட்டிவிட்டு அப்புறம் சுவிட்சைப் போடு.

அன்புடன்,
உன் நண்பன்