வேனில் வந்தவளுக்கும் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

என் கணவர் அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையை நடந்து முடித்துவிட்டார். ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்கள் தாண்டி, மேய்ன் மாநிலத்தின் கட்டாடின் உச்சி வரை 2,190 மைலுக்கும் மேல். அதற்கான பாராட்டெல்லாம் அவருக்கு வந்து சேர்ந்துவிட்டது, சேர வேண்டியதுதான். கேம்பர் வேனை ஓட்டிக்கொண்டு முன்னால் போய் அவருக்காகக் காத்திருந்தவள் நான். எனக்கு உதவியவர்களுக்கு இந்த மடல். தமிழ் தெரியாதவர்களுக்குத் தனித்தனியே எழுதிவிட்டேன்.

நடப்பவருக்கு மரத்துக்கு மரம் வெள்ளைக் கோடு இருக்கிறது. 2 அங்குல அகலம், 6 அங்குல உயரம். அதைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம். அந்தக் கோடுகளைப் புதுப்பித்து, விழுந்த மரங்களை அறுத்து, பாதையைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். முதல் வணக்கம் அவர்களுக்கு.

வண்டிக்கு அப்படி ஒரு கோடு கிடையாது. பாதை சாலையைக் கடக்கும் இடம் வரைபடத்தில் வெறும் புள்ளி. அங்கே வண்டியைத் திருப்ப முடியுமா, இரவு நிறுத்த விடுவார்களா, போனுக்கு சிக்னல் உண்டா, எதுவும் அதில் இருக்காது. முகாம்களில் பக்கத்து வண்டிக்காரர்கள்தான் இதையெல்லாம் சொன்னார்கள். "அந்த மண் சாலையில் இறங்காதீர்கள், மழை பெய்திருக்கிறது" என்று ராத்திரியில் கதவைத் தட்டிச் சொன்ன அம்மாவை நான் மறக்கவே மாட்டேன்.

கிரேட் ஸ்மோக்கி மலைகளில் பாதை ஏறக்குறைய 70 மைல். நடுவில் நியூஃபவுண்ட் கேப் என்ற கணவாயில்தான் பெரிய சாலை ஒன்று குறுக்கிடுகிறது. அங்கே நான் காத்திருக்க, சொன்ன நேரம் தாண்டியும் அவர் வரவில்லை. நல்ல மழை, போனும் எடுக்கவில்லை. நடந்து வந்த இளைஞர்கள் சிலர் என் வேனைத் தேடி வந்து, "அவரை நேற்று குடிலில் பார்த்தோம், முழங்கால் வலியால் மெதுவாக வருகிறார், வேறொன்றுமில்லை" என்றார்கள். நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தவர்கள், தங்களுக்கு வண்டி பிடிப்பதற்கு முன் எனக்குச் சேதி சொல்ல வந்தார்கள். தம்பிகளே, அந்த ஒரு வாக்கியம் எனக்கு எவ்வளவு பெரிதென்று உங்களுக்குத் தெரிந்திருக்காது.

வர்ஜீனியாவில் பிரேக் சத்தம் போட்டபோது, கடை மூடும் நேரத்தில் மறுபடி விளக்கைப் போட்டுப் பார்த்த மெக்கானிக் அண்ணாவுக்கு நன்றி. அப்புறம், மாதக்கணக்காக நடந்தால் பாதம் வீங்கி விரிந்துவிடும், பழைய ஷூ சேராது. ஒரு அளவு பெரிய ஷூவைத் தேடி வாங்கி, வழியிலிருந்த தபால் நிலையத்துக்கு அனுப்பிய தோழிக்கும் நன்றி.

மேய்ன் மாநிலத்தில்தான் உங்கள் உதவி அதிகம் தேவைப்பட்டது. கென்னபெக் ஆற்றில் மேலேயுள்ள அணையிலிருந்து தண்ணீர் விட்டால் மட்டம் சட்டென்று ஏறும். அதனால் இறங்கிக் கடக்கக் கூடாது. அவரைப் படகில் ஏற்றி அக்கரை சேர்த்த படகோட்டி, இந்தக் கரையில் நின்ற என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார். மான்சன் என்ற ஊருக்கு வடக்கே 'நூறு மைல் வனாந்தரம்', வழியில் ஊரோ கடையோ இல்லாத காடு. அங்கே மரம் வெட்டும் கம்பெனிகளின் சரளைச் சாலைகளில் என் வேனை இறக்கத் தைரியம் வரவில்லை. தன் பிக்கப் வண்டியில் அவருக்கான சாப்பாட்டு வாளியைக் கொண்டுபோய்ச் சேர்த்த பெரியவர் பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. கடைசியாக, கட்டாடின் இருக்கும் பாக்ஸ்டர் பூங்கா. 9 அடிக்கு மேல் உயரமுள்ள வண்டிக்கு அங்கே அனுமதியில்லை, எங்கள் வேன் அதைவிட உயரம். பக்கத்து ஊரான மில்லினாக்கெட்டில் வேனைத் தங்கள் வீட்டு முற்றத்தில் நிறுத்தவிட்டு, விடியும் முன்பே காரில் என்னை மலையடிவாரத்துக்கு அழைத்துப்போன தம்பதிக்கு எப்படி நன்றி சொல்வது? என் கணவர் உச்சியிலிருந்து இறங்கி வந்தபோது நான் அங்கே இருந்தேன். அது உங்களால்தான்.

வண்டி நிறுத்த முடிந்த இடங்கள், முடியாத இடங்கள், தண்ணீர் பிடிக்கும் இடங்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது அடுத்த பருவத்தில் துணைக்கு வண்டி ஓட்டப் போகிறார் என்றால் என்னிடம் கேட்கச் சொல்லுங்கள். பிரதி எடுத்துத் தருகிறேன்.