கலா, அந்த ஒற்றைக் குழாயை நம்பி இருக்காதே

அன்புள்ள கலா,

பதில் போடவில்லை என்று சுந்தரியிடம் புலம்பினாயாமே. அவள் அதை இரண்டு மடங்காக்கி என்னிடம் வந்து சொன்னாள், அவள் குணம்தான் உனக்குத் தெரியுமே. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. ராகவன் இன்னும் அந்தப் பழைய வண்டியைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறான். உன் மருமகளுக்கு ஏழாவது மாதம் என்று கேட்டதில் மனசு நிறைந்துபோனது. உன் பேரன் பெரியவனுக்கு வாய் நிறையப் பேச்சு வந்திருக்குமே, என்னை ஞாபகம் இருக்கிறதா அவனுக்கு?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மலையேற்றத்துக்கென்று நீ வாங்கிய, ஓடைத் தண்ணீரை வடிகட்டியே உறிஞ்சிக் குடிக்கிற அந்தக் குழாயின் படத்தைப் பார்த்தேன். "மலைக்கும் ஆச்சு, வெள்ளம் புயல் என்றால் வீட்டுக்கும் ஆச்சு, இனிக் கவலையில்லை" என்று கீழே எழுதியிருந்தாய் பார், அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கவலையே அங்கேதான்டி ஆரம்பிக்கிறது.

அந்தக் குழாயை நான் குறை சொல்லவில்லை. அது செய்கிற வேலையை நன்றாகவே செய்யும். ஆயுள் முடிந்த ஒன்றை நான் அறுத்தே பார்த்திருக்கிறேன். உள்ளே வெள்ளை நூல் மாதிரி மெல்லிய குழல்கள், கட்டுக்கட்டாக மடித்து, நுனிகளையெல்லாம் பிசினில் பதித்து வைத்திருந்தார்கள். அழுக்குத் தண்ணீர் குழலுக்கு வெளியே நிற்கும். சுவரில் உள்ள துளை வழியாக ஊறி உள்ளே போகும் தண்ணீர்தான் நம் வாய்க்கு வரும். அந்தத் துளை 0.1 அல்லது 0.2 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான், அப்படியென்றால் பார்த்துக்கொள். மலை ஓடைகளில் வயிற்றைப் படுத்துகிற ஒட்டுண்ணிகளில் ஜியார்டியா 8 மைக்ரானுக்கு மேல், கிரிப்டோஸ்போரிடியம் 4 முதல் 6 வரை. காலரா, டைபாய்டு பாக்டீரியாக்கள் அரை மைக்ரான் தடிமனாவது இருக்கும். இவை எல்லாம் வெளியிலேயே நின்றுவிடும்.

மஞ்சள்காமாலை வைரஸ் நிற்காது. ஹெபடைடிஸ் ஏ-யும் இ-யும் சுமார் 0.03 மைக்ரான்தான். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தருகிற ரோட்டா வைரஸ் கொஞ்சம் பெரியது, அதுவும் 0.1-ஐத் தாண்டாது. உன் குழாயின் துளை இவற்றுக்கு வாசல் கதவு.

பெட்டியில் 99.9999 சதவீதம் என்று போட்டிருக்கிறதே என்பாய். எதில் என்று படித்துப் பார். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1987இல் ஒரு வழிகாட்டி வகுத்தது. பாக்டீரியா 99.9999, வைரஸ் 99.99, ஜியார்டியா போன்றவை 99.9 சதவீதம் நீங்க வேண்டும், இந்த மூன்றையும் தாண்டினால்தான் 'ப்யூரிஃபையர்' என்று சொல்லலாம். என்.எஸ்.எஃப். பி231 என்று ஒரு தரச்சான்றைச் சில பெட்டிகளில் பார்த்திருப்பாய், அதுவும் இந்த அடிப்படையில் வந்ததுதான். உன் பெட்டியின் நான்கு பக்கமும் தேடியும் 'வைரஸ்' என்ற வார்த்தை கண்ணில் படவில்லையென்றால், அதை நிறுத்தும் வேலை அதற்கு இல்லை என்று எடுத்துக்கொள்.

மலைக்கு இது பெரிய குறையில்லை. நம் குடலைத் தாக்கும் வைரஸ்கள் பெரும்பாலும் மனிதக் கழிவிலிருந்து வருபவை. மேலே ஊரோ முகாமோ இல்லாத ஓடையில் அந்தப் பயம் குறைவு, அங்கே ஆடுமாடும் காட்டு விலங்கும் விட்டுப்போகிற கிருமிகள்தான் முதல் எதிரி. வெள்ளம் அப்படியா? சாக்கடையும் கழிவுத்தொட்டியும் கிணறும் ஒன்றாகிவிடுகிற தண்ணீர் அது.

ஜெயாவை நினைத்துப் பார். வெள்ளம் வடிந்து, வீடு கழுவி, எல்லாரும் பழையபடி வேலைக்குப் போக ஆரம்பித்து ஒரு மாதம் போலக் கழித்துத்தானே அவளுக்குக் கண் மஞ்சளானது. எதனால் வந்தது என்றே யாருக்கும் புரியவில்லை. இந்த வைரஸ்கள் உள்ளே போய் வாரக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டுத்தான் வேலையைக் காட்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. ஹெபடைடிஸ் இ கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் நூற்றில் இருபது, இருபத்தைந்து பேர் வரை இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உன் மருமகள் இருக்கிற வீட்டில், வெள்ளத்துக்கு அந்தக் குழாய் போதும் என்று நீ எழுதினால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

உபயோகத்துக்கும் அது வீட்டுக்குத் தோதில்லை. பெரியவன் அதில் உறிஞ்சுவானா? உங்கள் அத்தைக்கு ஸ்ட்ரா போட்ட ஜூஸே இழுக்க முடியாது. குழாயில் உறிஞ்சிக் குடித்துக்கொள்ளலாமே தவிர, ஒரு சொம்பை நிரப்ப முடியாது. சமைக்க, பாத்திரம் கழுவ, கை கழுவ எதற்கும் ஆகாது. நிவாரண முகாம்களுக்கான ஸ்ஃபியர் அளவுகோல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்கிறது. குடிக்கவும் சாப்பாட்டோடும் உள்ளே போவது மட்டுமே இரண்டரை, மூன்று லிட்டர். உங்கள் வீட்டில் எத்தனை தலை என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

அதனால் வீட்டுக்குத் தனியாக யோசி. மேலே ஊற்றினால் தன் எடையிலேயே கீழே இறங்குகிற வகை நல்லது. செராமிக் கேண்டில் வைத்த இரட்டைப் பாத்திரமோ, உயரத்தில் தொங்கவிடுகிற பையோ, இரண்டும் சரிதான். மின்சாரம் வேண்டாம், பம்பு அடிக்க வேண்டாம். கேண்டிலில் மேல்தோல் அடைத்தால் மெல்லத் தேய்த்துக் கழுவித் திரும்பப் பூட்டலாம். ஆனால் கீறல் விட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். மயிரிழைக் கீறல் ஒன்று போதும், அவ்வளவும் வீண்.

இதுவும் வைரஸை முழுசாகப் பிடிக்காது, அதனால் இறங்கிய தண்ணீருக்குக் குளோரின். மாத்திரையானால் அட்டையில் உள்ளபடி. வாசனை, சாயம் எதுவும் சேர்க்காத 5-6 சதவீத ப்ளீச் என்றால் தெளிந்த தண்ணீர் லிட்டருக்கு 2 சொட்டு, கலக்கி அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டுக் குடிக்கலாம். குளோரின் மட்டும் போதாதா என்று உன் மலையேற்றக் கூட்டத்துப் பிரசாத் கேட்பான், எனக்குத் தெரியும். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரைக் குடித்தே சுமார் 4 லட்சம் பேர் படுத்தார்கள். கிரிப்டோஸ்போரிடியம் குளோரினுக்கு மசியாது. வடிகட்டி கோட்டைவிடுவதைக் குளோரின் கொல்லும், குளோரினுக்குச் சாகாதது வடிகட்டியில் சிக்கும். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் ஓட்டை விழுந்துவிடும். அடுப்பு எரிகிறது என்றால் கொதிக்க வைப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். மருமகளுக்கும் பெரியவனுக்கும் எப்போதும் கொதிக்க வைத்ததையே கொடு.

பெட்ரோல், பூச்சிமருந்து, உப்பு, இவற்றை இதில் எதுவுமே நீக்காது. கார்பன் வைத்த வடிகட்டி வாடையைக் குறைக்கும், சில ரசாயனங்களையும் பிடிக்கும், அதை நம்பி எண்ணெய் மிதக்கிற தண்ணீரைக் குடிக்கக் கூடாது. அதற்காகத்தான் மழை எச்சரிக்கை வந்ததுமே நல்ல தண்ணீரை மூடியுள்ள கேன்களில் பிடித்து வைக்கச் சொல்கிறேன். வடிகட்டி அதற்கு அப்புறம்தான்.

ஒரு கதை சொல்லட்டுமா? எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. 1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் காலரா வந்து எட்டாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். ஒட்டியே இருந்த ஆல்டோனா நகரமும் அதே எல்ப ஆற்றுத் தண்ணீரைத்தான் குடித்தது. அதுவும் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு கீழ்ப்பக்கம் எடுத்த தண்ணீர். ஆனால் அதை மணலில் மெதுவாக வடிகட்டிவிட்டுத்தான் ஊருக்குள் விட்டார்கள். இரண்டு ஊருக்கும் பொதுவான தெருவில்கூட நோய் ஒரு பக்கத்தோடு நின்றுவிட்டது. வெறும் மணல்தானே கலா!

துணியையும் சாதாரணமாக நினைக்காதே. வங்கதேசத்துக் கிராமங்களில் பழைய புடவையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்து வடிகட்டிப் பார்த்தார்கள். காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003இல் ரீட்டா கோல்வெல் குழுவினர் எழுதினார்கள். காலராக் கிருமி துணியில் தாராளமாக நுழைந்துவிடும், ஆனால் அது தொற்றிக்கொண்டு வருகிற நுண்ணிய நீர்ப்பூச்சி நுழையாது. நீர்ப்பூச்சியோடு உள்ளே போய், தோலைத் துளைத்து வெளிவருகிற நரம்புச்சிலந்திப் புழுவின் கதையும் இதேதான். 1986இல் ஆண்டுக்கு 35 லட்சம் பேர் அவதிப்பட்டார்கள், 2021க்குப் பிறகு எந்த ஆண்டும் 15 பேரைத் தாண்டவில்லை. வலைத்துணி வடிகட்டிக்கும் கழுத்தில் மாட்டிக்கொள்கிற வடிகுழாய்க்கும் அதில் பெரிய பங்கு. அதனால் எந்த வடிகட்டி வாங்கினாலும், கலங்கல் தண்ணீரைத் தெளியவிட்டு, துணியில் வடித்துவிட்டு அப்புறம் ஊற்று. வடிகட்டியின் ஆயுளும் நீளும்.

இனி மலைக்கு. குழாயைவிடப் பையில் மொண்டு பிழிகிற வகை உனக்கு ஒத்துவரும். சாயர் ஸ்க்வீஸ், கட்டாடின் பிஃப்ரீ இரண்டுமே 0.1 மைக்ரான். ஓடைக்கரையில் குப்புறப் படுத்து உறிஞ்ச வேண்டாம், பாட்டிலில் நிரப்பிக்கொண்டு நடக்கலாம். கூடவே குளோரின் டையாக்சைடு மாத்திரை ஒரு அட்டை வைத்துக்கொள். பாக்டீரியா, வைரஸுக்கு அரை மணி நேரம், கிரிப்டோஸ்போரிடியத்துக்கு நான்கு மணி நேரம் அதற்கு வேண்டும். கிரேல் மாதிரி அழுத்திப் பிழிகிற பாட்டில் வைரஸையும் பிடிக்கும். ஆனால் அதிகபட்சம் சுமார் 250 லிட்டரில் உள்பாகத்தை மாற்ற வேண்டியிருக்கும். எடையும் உன் தோளுக்கு அதிகம், பஸ் பயணத்துக்குத்தான் அதைச் சொல்வேன். புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்லும் யு.வி. விளக்கு வேண்டவே வேண்டாம். தண்ணீர் கலங்கினால் வேலை செய்யாது, பேட்டரி போனாலும் அவ்வளவுதான்.

வாங்கியபின் கவனிக்க வேண்டியது இரண்டு. அந்த நூல்குழல் ஒருமுறை நனைந்துவிட்டால் உறையவிடக் கூடாது. உறைந்தால் உள்ளே வெடிக்கும், வெளியே எதுவும் தெரியாது, தண்ணீர் பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். நீ போகிற உயரத்தில் ராத்திரி நிச்சயம் உறையும். ரமணி தன்னுடையதைப் பையின் வெளிப்பாக்கெட்டில் சொருகிவிட்டுத் தூங்குவாள், நீ அதைப் பார்த்துச் செய்யாதே. உறையில் கட்டி, படுக்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு தூங்கு. தண்ணீர் மெதுவாக வந்தால் பயப்படாதே, பின்பக்கமாகச் சுத்தத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் சரியாகிவிடும். திடீரென்று முன்னைவிட வேகமாக வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மாத்திரைக்கு மாறு.

இன்னொன்று கைப்பழக்கம். அழுக்குத் தண்ணீர் மொண்ட பையின் வாயை, குடிக்கிற பாட்டிலின் மரையில் இடித்துத் திருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது. ஒரு சொட்டு அந்த மரையில் நின்றால் வடிகட்டியதற்கே அர்த்தமில்லை. என் அழுக்குப் பையின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். அதைத் தொட்ட கையைத் துடைக்காமல் பாட்டில் மூடியைத் திறக்க மாட்டேன். உன் கூட்டத்தில் எல்லார் பையிலும் ஒரு நூல் கட்டிவிடு, பிரசாத் சிரித்தாலும் பரவாயில்லை. மலைத்தண்ணீர் தானாகவே சுத்தம் என்கிற அவன் பேச்சுக்கும் அப்படியே ஒரு முற்றுப்புள்ளி வை.

அந்தக் குழாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை, மலைக்குத் துணைக்கு இருக்கட்டும். வீட்டுக்கு எந்தப் பாத்திரம், எத்தனை லிட்டர் கேன் என்று முடிவு செய்ததும் எழுது. மருமகளுக்குக் கொதிக்க வைக்கத் தனி கெட்டில் எடுத்து வைத்தாயா என்பதையும் சேர்த்து எழுது. அத்தைக்கு என் வணக்கம் சொல். சுந்தரிக்கு நான் பதில் போட்டுவிட்டேன் என்று நீயே சொல்லிவிடு.

அன்புடன்,
வசந்தா