படத்தளத்தில் இடம் காலி செய்கிறோம்: சனிக்கிழமை இரவு 9 மணி

நண்பர்களுக்கு வணக்கம். நம் முன்னாள் மாணவர் குழுவின் செயற்கைக்கோள் படத்தளம் நிரம்பிக்கொண்டே வருகிறது. வரும் சனிக்கிழமை இரவு 9 மணிக்குச் சுத்தம் செய்கிறோம். அதற்குள்:

1. ஒரே காட்சியை இரண்டு பேர் ஏற்றியிருந்தால், பேசிக்கொண்டு ஒன்றை நீக்குங்கள்.

2. சுருக்காத ஜியோடிஃப் (இட விவரமும் சேர்ந்த பட வடிவம்) கோப்புகளை டிஃப்ளேட் முறையில் சுருக்குங்கள். ஒரு பிக்சல் மதிப்புகூட மாறாது. ஜேபெக் மட்டும் வேண்டாம். கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தாவரக் குறியீடு (நிலத்தின் பசுமையைக் காட்டும் எண்) கணக்கிடும்போது எண்கள் பிசகிவிடும்.

3. இடைநிலைப் படங்களுக்கு (கணக்கீட்டின் நடுவில் உருவானவை) பிரமிடு அடுக்குகள், அதாவது வேகமாகத் திறக்க வைக்கும் சிறிய நகல்கள், தேவையில்லை. அடுக்குக்கு அடுக்கு நீளமும் அகலமும் பாதியானாலும், எல்லாம் சேர்ந்து சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம் பிடிக்கும்.

4. மூலப் படங்களைத் தொடவே தொடாதீர்கள். பழைய வெள்ளக் காட்சிகள் போனால் மறுபடி எடுக்க முடியாது.

அப்புறம், நம் தளத்தின் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸில் வரிசைகளை வெறுமனே அழித்தால் வட்டில் இடம் திரும்பாது. முழு வேக்கூம் (காலி இடத்தை விடுவிக்கும் கட்டளை) ஓட்ட வேண்டும், அது முடியும்வரை அட்டவணை பூட்டியிருக்கும். அதனால் 9 முதல் 11 மணிவரை யாரும் தளத்தைத் திறக்க வேண்டாம்.

உங்கள் பகுதி முடிந்ததும் வியாழன் இரவுக்குள் ‘சரி’ என்று இங்கே பதில் போடுங்கள். அவகாசம் வேண்டுவோர் இன்றே சொல்லுங்கள்.